எடை குறைகிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

வாங்கி வந்த பொருளை வீட்டில் எடை போட்டால் குறைகிறது. பெரும்பாலோர் "போனால் போகிறது" என்று விட்டுவிடுவார்கள். சிலர் நேராகக் கடைக்குப் போய்ச் சண்டை பிடிப்பார்கள். எங்கே பிழை என்று பார்க்காமல் விட்டால் அடுத்த முறையும் ஏமாறுவோம். பார்க்காமல் சண்டைக்குப் போனால் நேர்மையான வியாபாரி ஒருவரைத் திருடன் ஆக்கிவிடுவோம். இரண்டுமே எனக்கு ஒப்பாது.

எடைக் குறை ஒவ்வொன்றுக்கும் ஒரு போக்கு உண்டு. எவ்வளவு வாங்கினாலும் அதே இருபது கிராம் குறைகிறதா, வாங்கும் அளவு கூடக் கூடக் குறையும் கூடுகிறதா, ஒருமுறை குறைந்து மறுமுறை கூடுகிறதா, சிறிய அளவு வாங்கும்போது மட்டும் குறைகிறதா? இவை ஒவ்வொன்றும் தராசின் வெவ்வேறு இடத்தைக் காட்டிக் கொடுக்கும். எனவே குற்றம் சொல்லும் முன் இரண்டு மூன்று முறை வெவ்வேறு அளவில் வாங்கி, கடை காட்டிய எடையையும் நீங்கள் கண்ட எடையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். அந்தச் சிறிய பட்டியலை வைத்துக்கொண்டு கீழே உங்கள் அறிகுறி எது என்று தேடுங்கள்.

கடையில் சரியாகக் காட்டியது, வீட்டுத் தராசில் குறைகிறது

முதல் சந்தேகம் வீட்டுத் தராசின் மேல்தான் விழ வேண்டும். சமையலறையில் வைத்திருக்கும் சிறிய மின்னணுத் தராசு வணிகத்துக்காகச் சோதித்து முத்திரையிடப்பட்டது அல்ல. ஒரு கிராம் வரை எண் காட்டுவதால் ஒரு கிராம் வரை அது சரியாகச் சொல்கிறது என்று பொருளில்லை.

அதைச் சோதிக்க மூன்று காரியங்கள் செய்யுங்கள். கெட்டியான சமதளத்தில் வையுங்கள். பாய், துணி, ரப்பர் விரிப்பு எதுவும் கீழே இருக்கக் கூடாது. ஒரே பொருளைத் தட்டின் நடுவிலும் நான்கு ஓரங்களிலும் மாற்றி மாற்றி வையுங்கள். எண் மாறினால் அந்தத் தராசை நம்பிப் பேச முடியாது. பிறகு இரண்டு பொருள்களைத் தனித்தனியே எடை போட்டு, இரண்டையும் சேர்த்தும் போட்டுப் பாருங்கள். தனி எடைகளின் கூட்டுத்தொகையும் சேர்ந்த எடையும் ஒத்துப்போக வேண்டும்.

இந்த மூன்றிலும் தேறிய தராசுகூட எல்லா எடையையும் ஒரே விகிதத்தில் கூட்டியோ குறைத்தோ காட்டலாம். அதைப் பிடிக்க, எடை உறுதியாகத் தெரிந்த ஒரு பொருள் கையில் இருக்க வேண்டும். எவர்சில்வர் டம்ளர் ஒன்று போதும். துருப்பிடிக்காது, ஈரம் உறிஞ்சாது, ஆண்டுக்கணக்கில் எடை மாறாது. நகைக்கடையின் முத்திரையிட்ட தராசில் அதை ஒருமுறை எடை போட்டு, எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுத் தராசுக்கும் வெளியே நீங்கள் சந்தேகப்படும் தராசுக்கும் அதுவே சாட்சி.

இன்னொன்றையும் கவனியுங்கள். கீரை, காய்கறி, ஈரத்தோடு விற்கும் எந்தப் பொருளும் நேரம் ஆக ஆக நீரை இழக்கும். காலையில் வாங்கியதை இரவில் எடை போட்டுவிட்டுக் கடைக்காரரைக் குறை சொல்வது நியாயமாகாது. வாங்கிய கையோடு பார்த்தால்தான் கணக்கு.

எவ்வளவு வாங்கினாலும் ஒரே அளவு குறைகிறது

கால் கிலோ வாங்கினாலும் இருபது கிராம் குறைவு, இரண்டு கிலோ வாங்கினாலும் இருபது கிராம் குறைவு என்றால் பிழை பூஜ்யத்தில் இருக்கிறது. எடை போடத் தொடங்கும்போதே தட்டில் ஏதோ இருந்திருக்கிறது, அல்லது பாத்திரத்தின் எடை கழிக்கப்படவில்லை.

இதைச் சோதிக்க உங்களுக்குக் கருவி எதுவும் வேண்டாம், கண் மட்டும் போதும். பொருளை வைக்கும் முன் திரையைப் பாருங்கள். பூஜ்யம் இருக்க வேண்டும். எடை போட்டு முடித்துப் பொருளையும் பாத்திரத்தையும் எடுத்த பிறகு மறுபடியும் பாருங்கள். இந்த இரண்டாவது பார்வையை யாரும் செய்வதில்லை. உண்மை பெரும்பாலும் அங்கேதான் தெரியும்.

எல்லாவற்றையும் எடுத்த பிறகு திரை மூன்றில் ஒன்றைச் சொல்லும். பூஜ்யம் என்றால் தட்டில் உள்ளதை அப்படியே காட்டியிருக்கிறது. பொருளைப் பாத்திரத்திலோ டப்பாவிலோ வைத்து எடை போட்டிருந்தால் பாத்திரத்தின் எடைக்கும் சேர்த்து நீங்கள் காசு கொடுத்திருக்கிறீர்கள். கழித்தல் குறியோடு, எடுத்துக்காட்டாக –0.045 என்று நின்றால், 45 கிராம் பாத்திர எடையாக ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கிறது. பாத்திரத்தின் எடையும் அதுவே என்றால் கணக்கு சரி. கழித்தல் குறி இல்லாமல் 0.020 என்று நின்றால் தட்டு காலியாக இருக்கும்போதே இருபது கிராம் கூடுதலாகக் காட்டுகிறது. அந்த இருபது கிராம் உங்கள் பொருளில் குறைந்துவிட்டது.

கழித்தல் குறியைக் கண்டவுடனே ஏமாற்று என்று பாய்ந்துவிட வேண்டாம். உண்மையான பாத்திர எடையைவிட அதிகம் கழித்திருந்தால் நட்டப்படுபவர் கடைக்காரர். அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். இரு பக்கத்துக்கும் சரியான எடையைக் கேட்பவர் என்று தெரிந்துவிட்டால் அடுத்த முறை உங்கள் கேள்வியை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கேட்கும் விதமும் முக்கியம். "ஏமாற்றுகிறீர்களா?" என்றால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். "அண்ணா, தட்டைக் காலி செய்துவிட்டு மறுபடி ஒருமுறை போடுங்களேன், பூஜ்யம் சரியாக நிற்கவில்லை போலிருக்கிறது" என்று கேட்டுப் பாருங்கள். தவறு தெரியாமல் நடந்திருந்தால் அவர் திருத்திக்கொள்வார். தெரிந்தே செய்தவரும் திருத்தித்தான் ஆக வேண்டும்.

வாங்கும் அளவு கூடினால் குறையும் கூடுகிறது

அரைக் கிலோவில் ஐந்து கிராம், இரண்டு கிலோவில் இருபது கிராம் என்று விகிதம் மாறாமல் குறைந்தால் பூஜ்யத்தைப் பார்த்துப் பயனில்லை. அது சரியாகவே இருக்கும். தராசின் அளவீட்டுத் திருத்தமே, அதாவது தட்டில் உள்ள பாரத்தைச் சரியான எண்ணாக மாற்றும் அமைப்பே, தவறியிருக்கிறது.

இதற்குக் களங்கமில்லாத காரணம் ஒன்று உண்டு. மின்னணுத் தராசு அளப்பது பொருள் தட்டை அழுத்தும் விசையை. அந்த விசை புவியீர்ப்பைப் பொறுத்தது. புவியீர்ப்பு நிலநடுக்கோட்டில் குறைவு, துருவங்களில் அதிகம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 0.5 சதவீதம். ஓர் இடத்தில் திருத்திய தராசைத் தொலைதூர அட்சரேகைக்குக் கொண்டுபோய் அப்படியே பயன்படுத்தினால் கிலோவுக்குச் சில கிராம் பிசகலாம். அதனால்தான் தராசைப் பயன்படுத்தும் இடத்திலேயே படிக்கல் வைத்துத் திருத்த வேண்டும். கீழே விழுந்த தராசு, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய தராசு ஆகியவற்றிலும் இதே விகிதப் பிழை வரலாம்.

களங்கமான காரணமும் உண்டு. மூடியைத் திறந்து திருத்தத்தை வேண்டுமென்றே மாற்றியிருக்கலாம். அதைத் தடுக்கத்தான் உறையின் திருகாணிகளுக்குக் குறுக்கே கம்பியும் ஈயமுமாகவோ, கிழித்தால் தெரியும் ஒட்டுத்தாளாகவோ முத்திரை வைக்கிறார்கள். கம்பி அறுந்திருந்தாலோ ஒட்டுத்தாள் கிழிந்திருந்தாலோ தராசு என்ன எண் காட்டினாலும் அதற்கு மதிப்பில்லை. முத்திரையில் சோதனை செய்த ஆண்டும் இருக்கும். காலாவதி ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

முத்திரை அப்படியே இருக்கிறது, ஆனால் குறை ஒரு முறை வருகிறது, மறுமுறை வரவில்லை என்றால், மறைத்து வைத்த பொத்தானோ தொலையியக்கியோ இருக்கலாம். அங்கேதான் உங்கள் எவர்சில்வர் டம்ளர் கை கொடுக்கும். பொருளின் எடை திரையில் நின்றதும், அதை எடுக்க விடாமல் டம்ளரையும் அதே தட்டில் வையுங்கள். எடை டம்ளரின் எடையளவு மட்டுமே ஏற வேண்டும். பிறகு டம்ளரைத் தனியாக வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்தத் தராசில் வாங்காதீர்கள்.

ஒவ்வொரு முறையும் வேறு எண் காட்டுகிறது

இது பெரும்பாலும் தராசு நிற்கும் இடத்தின் கோளாறு. மின்விசிறிக் காற்று, ஆடும் மேசை, சுவரிலோ மூட்டையிலோ உரசும் தட்டு, தட்டுக்குக் கீழே சிக்கிய பொருள், சார்ஜ் தீர்ந்த பேட்டரி. பல தராசுகளில் ஒரு சிறிய நீர்மட்டக் குமிழி இருக்கும். அது வட்டத்தின் நடுவில் நிற்க வேண்டும். எண் நிலைக்கும் வரை காத்திருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் எண்ணை வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பொருளை எடுத்துவிட்டால் மறுபடி போடச் சொல்லுங்கள்.

சிறிய அளவு வாங்கும்போது மட்டும் குறைகிறது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சட்டப்படி முத்திரையிட்ட, ஒரு குறையும் இல்லாத தராசே இங்கே உங்களுக்கு நட்டம் உண்டாக்கலாம். யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை.

தராசின் முகப்பிலோ பக்கத்திலோ ஒரு சிறிய தகடு இருக்கும். அதில் மூன்று எண்களைத் தேடுங்கள்: அதிகபட்ச எடை, குறைந்தபட்ச எடை, சோதனைப் படிநிலை (பெரும்பாலும் திரையில் எண் ஏறி இறங்கும் ஒரு படியின் அளவு). கடைகளில் சாதாரணமாகக் காணும் தராசு மூன்றாம் துல்லிய வகுப்பைச் சேர்ந்தது. சட்டமுறை அளவியலுக்கான பன்னாட்டு அமைப்பு 1955-இல் தொடங்கப்பட்டது. பல நாடுகள் பின்பற்றும் அதன் பரிந்துரைப்படி, மூன்றாம் வகுப்புத் தராசில் எடை போடத் தகுந்த குறைந்தபட்சம் படிநிலையைப் போல் இருபது மடங்கு. படிநிலை 5 கிராம் என்றால் குறைந்தபட்சம் 100 கிராம்.

அனுமதிக்கப்பட்ட பிழையையும் சேர்த்துப் பாருங்கள். அந்தத் தராசு புதிதாகச் சோதிக்கப்படும்போது 500 படிநிலை வரை, அதாவது 2.5 கிலோ வரை, அரைப் படிநிலை பிசகலாம்: 2.5 கிராம். பயன்பாட்டில் இருக்கும்போது அதன் இரு மடங்கு அனுமதி: 5 கிராம். இரண்டு கிலோ வாங்குபவருக்கு 5 கிராம் என்பது கால் சதவீதம், பொருட்டே இல்லை. அதே தராசில் 50 கிராம் வாங்குபவருக்கு 5 கிராம் என்றால் பத்து சதவீதம். மசாலா, மருந்துச் சரக்கு, உலர்பழம் போன்ற விலை கூடிய பொருள்களைத்தான் நாம் ஐம்பதும் நூறுமாக வாங்குகிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். கையில் காசு குறைவாக உள்ளவர்களே சிறுகச் சிறுக வாங்குகிறார்கள். இந்தப் பிழையின் பாரம் அவர்கள் தலையில்தான் விழுகிறது. எனக்கு இதில் உண்மையான ஆதங்கம் உண்டு.

என்ன செய்யலாம்? தகட்டில் உள்ள குறைந்தபட்சத்துக்குக் கீழே அந்தத் தராசில் வாங்காதீர்கள். நுண்ணிய படிநிலை உள்ள தராசு கடையில் இருந்தால் அதில் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் முடிந்தவரை இரண்டு மூன்று முறை வாங்குவதை ஒரே முறையாக வாங்குங்கள், அல்லது பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

தங்கம், வெள்ளிக்கு இந்த வகைத் தராசு கூடவே கூடாது. மில்லிகிராம் அளவுக்கு நுண்ணிய, காற்றுத் தடுப்புக் கண்ணாடி உள்ள தராசு வேண்டும். கல் பதித்த நகையில் மொத்த எடையையும் கல் நீக்கிய நிகர எடையையும் பில்லில் தனித்தனியே எழுதி வாங்குங்கள். வைரம் போன்ற கற்களை நிறுக்கும் ஒரு காரட் 0.2 கிராம்; தங்கத்தின் தரத்தைச் சொல்லும் காரட் வேறு.

இரட்டைத் தட்டுத் தராசில் சந்தேகம்

காலித் தட்டுகள் சமமாக நிற்பதைக் காட்டினால் போதாது. கோலின் ஒரு கை நீளமாக இருந்து, அதைத் தட்டின் எடையால் சரிக்கட்டியிருந்தால் காலியாக இருக்கும்போது முள் நடுவில்தான் நிற்கும். இதைப் பிடிக்க இடம் மாற்றி நிறுக்க வேண்டும்: பொருளைப் படிக்கல் இருந்த தட்டிலும் படிக்கல்லைப் பொருள் இருந்த தட்டிலும் வையுங்கள். பொருள் இருந்த பக்கத்துக் கை ஒரு சதவீதம் நீளம் என்றால், முதலில் 1000 கிராம் காட்டிய பொருள் இடம் மாறியதும் சுமார் 980 கிராமுக்குத்தான் நிற்கும். உண்மை எடை இரண்டுக்கும் நடுவே, 990 கிராம். ஒரு சதவீதப் பிழை இடம் மாற்றும்போது இரண்டு சதவீதமாகப் பெருகித் தெரிவதால் கண்ணுக்குத் தப்பாது.

படிக்கல்லைத் திருப்பியும் பாருங்கள். இரும்புப் படிக்கல்லில் எடையைச் சரிசெய்ய ஒரு சிறிய குழி விட்டு, அதில் ஈயம் நிரப்பி, ஈயத்தின் மேல் முத்திரை குத்தியிருப்பார்கள். குழி காலியாக இருந்தால் கல் எடை குறைந்தது என்று பொருள்.

பொட்டலத்தில் அச்சிட்ட எடையைவிடக் குறைகிறது

அச்சிட்டது நிகர எடை. உறை அதில் சேராது. எனவே உறையோடு எடை போட்டு அச்சிட்ட எண்ணை எட்டினால் நிம்மதி அடைய வேண்டாம். உறையைக் கழித்துப் பாருங்கள். உப்பு நீரிலோ சர்க்கரைப் பாகிலோ ஊறும் பொருளானால் வடித்த எடை தனியாக அச்சிட்டிருக்கிறதா என்று தேடுங்கள்.

ஒரு பொட்டலம் சில கிராம் குறைந்தாலே சட்ட மீறல் ஆகிவிடாது. மேலே சொன்ன பன்னாட்டு அமைப்பின் பரிந்துரையில் 500 முதல் 1000 கிராம் வரையான பொட்டலத்தில் 15 கிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். 100 கிராம் பொட்டலத்தில் 4.5 கிராம். ஆனால் இதோடு ஒரு நிபந்தனை சேர்ந்தே வருகிறது: ஒரு தொகுப்பில் உள்ள எல்லாப் பொட்டலங்களின் சராசரி அச்சிட்ட எடைக்குக் குறையக் கூடாது. சில குறைந்தால் சில கூடியிருக்க வேண்டும். பொறுக்கத்தக்க குறையின் இரு மடங்கைத் தாண்டிய பொட்டலம் விற்பனைக்கே வரக் கூடாது. நாட்டுக்கு நாடு எண்கள் சற்று மாறலாம்.

ஆகவே ஒரே தயாரிப்புத் தொகுப்பு எண் உள்ள பல பொட்டலங்களைக் கடையிலேயே எடை போடச் சொல்லுங்கள். எல்லாமே பொறுக்கத்தக்க எல்லைக்குள் இருந்து, எல்லாமே குறைவாக இருந்தால் அது தற்செயல் அல்ல. புகாருக்கு அந்த ஒன்றே போதும்.

திரவம் குறைகிறது

அளவையின் வாயைப் பாருங்கள். பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள அகன்ற லிட்டர் அளவையில் ஒரு மில்லிமீட்டர் தாழ ஊற்றினால் எட்டு மில்லிலிட்டர் போய்விடும். இரண்டு சென்டிமீட்டர் கழுத்துள்ள அளவையில் அதே ஒரு மில்லிமீட்டர் வெறும் 0.3 மில்லிலிட்டர். எனவே அகன்ற அளவையில் விளிம்பு வரை நிரம்பியதா என்று பார்ப்பது அவசியம். நுரை அளவல்ல, அடங்கட்டும். அடி உள்வாங்கி நசுங்கிய அளவையை ஏற்காதீர்கள். எண்ணெய் போன்ற கெட்டித் திரவம் அளவையின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கவிழ்த்ததும் நிமிர்த்திவிடாமல் சொட்டு வடியும் வரை பிடிக்கச் சொல்லுங்கள்.

எரிபொருள் பம்பில் தொடங்கும் முன் பூஜ்யம், முடிவில் அளவும் விலையும் பெருக்கினால் தொகை. இவை இரண்டும் சரியாக இருந்தும் சந்தேகம் தீரவில்லை என்றால், சோதனைக்கென முத்திரையிட்ட அளவுக் கலனில் பிடித்துக் காட்டும்படி கேளுங்கள். பன்னாட்டுப் பரிந்துரையின்படி பம்பின் பிழை 0.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வண்டியின் எரிபொருள் முள்ளை ஆதாரமாகக் காட்டாதீர்கள். அது அளவைக் கருவி அல்ல. "என் டேங்கின் கொள்ளளவைவிட அதிகம் ஊற்றியதாகப் பம்பு காட்டுகிறது" என்ற புகாரும் தனியே நிற்காது. கையேட்டில் சொல்லும் கொள்ளளவுக்கு மேலும் டேங்கிலும் அதன் கழுத்திலும் இடம் இருக்கும். அதிகாலையில் போட்டால் அதிகம் கிடைக்கும் என்பதிலும் பெரிய பலன் இல்லை. பெட்ரோல் ஒரு பாகை வெப்பத்துக்குச் சுமார் 0.1 சதவீதம் விரிவது உண்மைதான், ஆனால் நிலத்தடித் தொட்டியின் வெப்பம் ஒரே நாளில் அப்படி ஏறி இறங்காது.

எரிவாயு உருளையில் காலி எடை பொறிக்கப்பட்டிருக்கும். எடை போட்டு, பொறித்த எண்ணைக் கழித்தால் உள்ளே இருக்கும் எரிவாயு. கொண்டு வருபவர் கிளம்பும் முன்பே செய்துவிடுங்கள்.

துணியோ கயிறோ நீளம் குறைகிறது

இழுத்துப் பிடித்து அளந்த துணி வீட்டில் சுருங்கித் தெரியும். மேசை மேல் தளர்வாக விரித்து அளக்கச் சொல்லுங்கள். மீட்டர் கோலின் முனைகள் தேய்ந்திருக்கிறதா, துணி நாடா இழுபட்டு நீண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். உலோக நாடாவின் முனைக் கொக்கி லேசாக ஆடினால் அது பழுது அல்ல. உள்ளே முட்டி அளந்தாலும் வெளியே மாட்டி அளந்தாலும் கணக்குச் சரியாக வர, கொக்கியின் தடிமன் அளவுக்கு அது நகரும்படியே செய்திருக்கிறார்கள்.

எடை சரி, தொகை இடிக்கிறது

விலை கணக்கிடும் தராசில் முந்தைய பொருளின் விலை மாறாமல் இருந்திருக்கலாம். திரையில் எடை, ஒரு கிலோ விலை, தொகை மூன்றும் தெரியும். நடு எண்ணை மட்டும் விலைப் பலகையோடு ஒப்பிட்டால் போதும்.

கேட்டும் தீரவில்லை

முதலில் அதே கடையின் வேறு தராசில் போடச் சொல்லுங்கள். மறுத்தால் சத்தம் போட வேண்டாம். பொருளைப் பிரிக்காமல் பில்லோடு வையுங்கள். தராசின் தகடும் முத்திரையும் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள்; காலித் தட்டில் எண் நின்றால் அதையும் எடுங்கள். நாள், நேரம், கருவியின் வரிசை எண் ஆகியவற்றைக் குறித்து, உங்கள் பகுதியின் எடையளவு ஆய்வு அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கொடுங்கள். "எடை குறைகிறது" என்று மட்டும் எழுதாமல், தொடக்கத்தில் போட்ட பட்டியலை இணைத்து, "எவ்வளவு வாங்கினாலும் இருபது கிராம் குறைகிறது" அல்லது "நூற்றுக்கு ஒன்று வீதம் குறைகிறது" என்று எழுதுங்கள். ஆய்வாளர் தராசில் எதை முதலில் சோதிக்க வேண்டும் என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும்.

பழுது பார்க்க முத்திரையை உடைத்த தராசு, மறுபடி சோதித்துப் புது முத்திரை பெற்ற பிறகே விற்பனைக்குத் திரும்ப வேண்டும். அதே கடைக்கு மீண்டும் போகும்போது தகட்டின் பக்கத்தில் அந்தப் புது முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.